அசையாச் சைக்கிள்

அரசு ஊழியர் சொத்து வாங்கினால் மேலிடத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அசையாச் சொத்து என்றால் முன் அனுமதியே பெற வேண்டும். நல்ல விதி. இதனால் நாட்டில் லஞ்சம் அறவே ஒழிந்துவிட்டதை நாம் அனைவரும் அறிவோம்.

எங்கள் ஆபீஸில் இந்த விதியை முழுசாக நம்பிய ஒரே ஆள் இளநிலை உதவியாளர் ஆதவன். கீழ்பென்னாத்தூர்க்காரன், எனக்குப் பக்கத்து மேஜை. ஒருநாள் செங்கம் ரோடு காபிக் கடை வாசலில், ஆசிரமத்துக்கு வந்த ஒரு வெள்ளைக்காரரின் சைக்கிளைப் பார்த்துவிட்டு வந்தான். அன்றிலிருந்து ஆள் சரியில்லை.

"அண்ணே, ஃபிக்ஸட் கியராம், ஒரே கியர்தான். பிரேக் கிடையாது. சக்கரம் சுத்துற வரைக்கும் பெடலும் சுத்தும். மிதிக்காம சும்மா உக்காரவே முடியாது."

"அப்போ விலை கம்மியா இருக்கணுமே?"

"இல்லண்ணே. ஒண்ணுமே இல்லாததாலதான் ஜாஸ்தி."

முழு சைக்கிள் அவன் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகவில்லை. உடம்பையும் முன் ஃபோர்க்கையும் மட்டும் இப்போது வாங்கி, சக்கரம், சீட்டு எல்லாம் பிறகு மாதம் ஒன்றாகச் சேர்ப்பது என்று முடிவெடுத்தான். இந்த எலும்புக்கூட்டுக்கு ஃபிரேம்செட் என்று பெயர். மூன்று வாரம் ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஆராய்ச்சி நடந்தது. அலுமினியம் லேசு, ஆனால் நம்ம ரோட்டில் பல் ஆடிவிடும். கார்பன் வாங்க வேண்டுமானால் கிட்னியை விற்க வேண்டும். கடைசியில் பழைய ஸ்டீல் ஃபிரேம் ஒன்று, அவன் கால் நீளத்துக்குக் கச்சிதமாக, ஆசிரமம் பக்கத்திலேயே கிடைத்தது. விற்றவர் மாறன். சென்னையில் சாஃப்ட்வேர் வேலையை உதறிவிட்டு இங்கே ரூம் எடுத்துத் தியானம் செய்கிறவர்.

"நான் எல்லாப் பற்றையும் விட்டுட்டேங்க" என்றார் மாறன். "ஆனா பதினெட்டாயிரத்துல ஒரு ரூபா விட மாட்டேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரிஷிகேஷ் கிளம்புறேன். அதுக்குள்ள எடுத்துக்கங்க."

திங்கட்கிழமையே ஆதவன், சொத்து வாங்கப்போவதைத் தெரிவித்து மனு கொடுத்தான். கண்காணிப்பாளர் கோதண்டராமன் சார் அதை 'ஆட்சிமொழியில் எழுதுக' என்று திருப்பினார். ஆதவன் அகராதியைப் புரட்டி, 'ஃபிக்ஸட் கியர் ஃபிரேம்செட்' என்பதை 'நிலைத்த பற்சக்கரச் சட்டகம், அளவு 54 செ.மீ.' என்று மாற்றினான். அங்கேதான் சனி பிடித்தது.

"நிலைத்ததுன்னா அசையாததுதானே?" என்று கேட்டார் கோதண்டராமன்.

"கியர்தான் சார் அசையாது…"

"அப்போ அசையாச் சொத்து. அம்பத்திநாலு செ.ன்னா அம்பத்திநாலு சென்ட். அது இன்னாப்பா மீ.? மீதியா?"

"சென்டிமீட்டர் சார்! இது சைக்கிள் சார்!"

"ஃபைல்ல சைக்கிள்னு எங்க இருக்கு? பட்டா, வில்லங்கச் சான்று, நாலு எல்லை, எல்லாம் கொண்டா. உனக்காக நானே சிபாரிசு பண்றேன்."

நல்ல மனுஷன். அதுதான் பெரிய ஆபத்து.

பட்டா கிடைக்கவில்லை. எல்லையையாவது கொடுப்போம் என்று ஆதவன் இரவல் பேனாவால் எழுதினான்: கிழக்கே முன்சக்கரம் வரவேண்டிய இடம், மேற்கே பின்சக்கரம் வரவேண்டிய இடம், வடக்கிலும் தெற்கிலும் மேற்படி மாறனின் யோகா பாய். கோதண்டராமன் படித்துவிட்டு, "ரொம்பத் தெளிவா இருக்கு" என்று பாராட்டினார்.

வியாழக்கிழமை மாறனின் ரூமில் கள ஆய்வு. நானும் சாட்சியாகப் போனேன். மாறன் ஃபிரேமை ஒரு கையால் தூக்கிக் காட்டினார். கோதண்டராமன் முகம் வெளுத்துவிட்டது.

"இன்னாங்க இது, அசையுது?"

"அசையும் சார்! அதைத்தானே நாலு நாளா சொல்றேன்!" ஆதவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"தப்பாச்சே. அசையாச் சொத்துன்னு ஃபைல் போட்டாச்சு. ஃபைலை மாத்த முடியாதுப்பா. சொத்தை மாத்திக்கலாம்."

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு அனுமதி ஆணை வந்தது. ஆதவன் சந்தோஷத்தில் கடைசி வரியைப் படிக்காமல் ஓடிப்போய்ப் பணத்தைக் கொடுத்து ஃபிரேமைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தான். கடைசி வரி இது: 'மேற்படி சொத்தினை அதன் தன்மைக்கேற்ப ஒரு வார காலத்திற்குள் நிலத்தில் நிரந்தரமாக நிலைநிறுத்த வேண்டும், தவறினால் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்படும்.'

அவன் இருப்பது வாடகை ரூம். நிலத்துக்கு எங்கே போவான்? கோதண்டராமனே பெரிய மனசு பண்ணி ஆபீஸ் வளாகத்தில் இடம் ஒதுக்கினார். சிமென்ட் குழைத்து ஃபிரேமை நட்டபோது ஆதவன் அந்தப் பக்கமே வரவில்லை.

பத்தே நாளில் காபிக் கடை வெள்ளைக்காரர்கள் வந்து அதன் எதிரே கண்மூடி உட்கார்ந்தார்கள். சக்கரம் இல்லாத வாகனம், போகாத பயணம் என்று ஏதேதோ ஆழமாகப் பேசினார்கள். நம் ஜனம் மட்டும் சும்மா இருக்குமா? யாரோ குங்குமம் வைத்தார்கள். யாரோ சுற்றினார்கள். இப்போது மனு கொடுக்க வருகிறவர்கள் மூன்று சுற்று சுற்றிவிட்டுத்தான் படியேறுகிறார்கள். ஆதவன் அதைப் பார்த்துக்கொண்டே ஷேர் ஆட்டோவில் தொங்கிப் போகிறான். பாவமாக இருக்கிறது.

எனக்கு இந்த மூடநம்பிக்கை எல்லாம் கிடையாது. என் பதவி உயர்வு ஃபைல் நாலு வருஷமாக ஒரே மேஜையில் கிடக்கிறது. அது கொஞ்சம் அசையட்டுமே என்றுதான் நேற்று பதினோரு சுற்று வந்தேன். எனக்கு முன்னால் கோதண்டராமன் சார் செருப்பைக் கழற்றிவிட்டுச் சுற்றிக்கொண்டிருந்தார்.