மூன்று வால் பூச்சி இருக்கும் ஆறு

தாராவி,
வியாழக்கிழமை.

மரியாதைக்குரிய பிரபாவதி மதினிக்கு, உங்கள் தம்பி பெண்டாட்டி மாடத்தி வணக்கத்தோடு எழுதுவது. அங்கே அண்ணனும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே என் சுகத்தைக் கேட்டால், வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன்.

"எந்தம்பி சாம்பல இன்னுமா கரைக்கல? நானே ரயில் ஏறி வாரேன்" என்று போனில் வைதீர்கள். காரணம் இருக்கிறது மதினி. போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

பூசாரி எந்த ஆறானாலும் சரி என்றார், நானும் கலயத்தோடு மித்தி ஆற்றுக்குப் போனேன், அங்கே பக்கத்து வீட்டு நுஸ்ரத், தண்ணீர் சோதிக்கிற வேலை பார்க்கிறவள், ரப்பர் பூட்ஸ் போட்டு வலையால் அள்ளிக்கொண்டிருந்தாள், வலையில் சிவப்புப் புழுவாக நெளிந்தது. "இந்தப் புழு மட்டுந்தான் இருக்குன்னா தண்ணி கெட்டுப்போச்சுன்னு அர்த்தம் யக்கா. நல்ல தண்ணியில கல்லுக்கு அடியில மூணு வால் பூச்சி ஒட்டியிருக்கும், அழுக்குல அது பிழைக்காது" என்றாள். கழுவின தம்ளரையே மறுபடி கழுவிக் குடித்த மனுஷர், அவரை அதில் விட்டால் எழுந்து வந்து என்னைக் கேட்கமாட்டாரா? திரும்பிவிட்டேன்.

அப்புறம் நானும் நுஸ்ரத்தும் கல்யாண் பக்கத்து ஆற்றுக்குப் போனோம். ரயிலில் ஒருத்தி, மடியில் என்ன ஊறுகாயா என்று இந்தியில் கேட்டாள். "மேரா ஆத்மி" என்றேன். என் வீட்டுக்காரர் என்றதும் அவள் எழுந்தே போய்விட்டாள். உங்கள் தம்பிக்கு லோக்கல் ரயிலில் உட்கார இடம் கிடைத்தது அன்றைக்குத்தான், அதுவும் லேடீஸ் டப்பாவில். ஆற்றில் அங்கேயும் அதே புழு.

இப்போது நுஸ்ரத் மலைப்பக்கம் ஓர் ஓடையில் அந்தப் பூச்சியைப் பார்த்துவிட்டாள். ஒன்றா, குடும்பமாக இருக்கிறதா என்று கேட்டேன். "சொந்தபந்தத்தோட இருக்கு யக்கா. பொண்ணு குடுக்கிற வீடு மாதிரில்லா விசாரிக்கீங்க" என்கிறாள். வருகிற ஞாயிறு கரைத்துவிடுகிறேன். முட்டு வலியோடு நீங்கள் வர வேண்டாம்.

சாமி உங்கள் வீட்டில் ஒருவரையும் குறைக்காமல் வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
மாடத்தி

பின்குறிப்பு: தபாலில் போடுவதற்குள் ஞாயிறு வந்துவிட்டது. போனேன். தண்ணீர் நம் வீட்டுக் குழாயைவிடச் சுத்தம். நுஸ்ரத் கல்லைப் புரட்டிக் காட்டினாள், மூன்று வாலும் தெரிந்தது. குறை சொல்ல ஒன்றுமே கிடைக்கவில்லை மதினி. கலயத்து வாய்த்துணியை அவிழ்க்கத்தான் முடியவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவளே, "வேற ஆறு பாப்பமா யக்கா?" என்றாள். உங்கள் தம்பியை வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டேன். நீங்கள் வாருங்கள். நீங்கள் துணியை அவிழ்த்தால் நான் கலயத்தைச் சாய்ப்பேன்.