இரண்டு கார்புரேட்டருக்கும் ஒரே மூச்சு

இன்று ஒரு கை பார்த்துவிடுவது என்று காலையிலேயே சட்டைக் கையை மடித்துவிட்டேன். நாலு மணிக்குள் என் கார் உதறாமல் ஓட வேண்டும். இல்லையென்றால் அடுத்த தெரு பல் டாக்டர் வந்து வாங்கிக்கொண்டு போய்விடுவார். இது என் மனைவியின் தீர்ப்பு. அப்பீல் கிடையாது.

சாதாரணக் காரா அது? ஐம்பது வயது. சிவப்பு. ரெண்டே சீட். பானெட்டைத் திறந்தால், பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு ஊட்டுகிற ரெண்டு கார்புரேட்டர்கள் அக்கா தங்கை மாதிரி ஒட்டி உட்கார்ந்திருக்கும். எத்தனை தடவை திறந்தாலும் ஒரு நிமிஷம் ரசித்துவிட்டுத்தான் கையை வைப்பேன். ரெண்டும் ஒரே அளவு காற்றை உறிஞ்சினால் எஞ்சின் பாடும். ஒன்று கூட, ஒன்று குறைய என்றால் குளிர்ஜுரம்தான். மூன்று மாதமாக எங்கள் வீட்டில் குளிர்ஜுரம்.

"என்னங்க, பிளக்கைப் பார்த்தீங்களா?"

"அதெல்லாம் முதல் வாரமே மாத்தியாச்சு."

"ரெண்டையும் இணைக்கிற கம்பியைத் தளர்த்தினீங்களா?"

"தளர்த்தியாச்சு. ஆமா, இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?"

"மூணு மாசமா தூக்கத்துல வேற என்ன பேசறீங்க?"

முறை சுலபம். எஞ்சினை ஓடவிட்டு, ரப்பர் குழாயின் ஒரு முனையைக் கார்புரேட்டர் வாயில் பிடிக்க வேண்டும். மறுமுனை காதில். 'உஸ்ஸ்' என்று கேட்கும். ரெண்டிலும் ஒரே 'உஸ்ஸ்' வரும்வரை திருகாணியைத் திருக வேண்டும். திருகினேன். மூணு மணிவரை திருகினேன். என் கணக்குப்படி ரெண்டும் ஒரே சுருதி. கார் என்னவோ பல் கழன்று விழுகிற மாதிரி உதறியது. டாக்டருக்குப் பொருத்தமான வண்டிதான் என்று நினைத்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மூணரைக்கு அவள் வந்து நின்றாள்.

"எந்தக் காதுல கேட்டீங்க?"

"இடது பக்கம் இருக்கறதை இடது காதுல. வலது பக்கம் இருக்கறதை வலது காதுல. குழாய் குட்டை, வேற என்ன பண்றது?"

"நல்லா இருக்கு போங்க! உங்க இடது காதுதான் மந்தமாச்சே!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உங்களிடம் மட்டும் சொல்கிறேன். அந்தக் காது நாலு வருஷமாகவே அப்படித்தான். அவளிடம் மூச்சுவிட்டதில்லை. அவள் சண்டைக்கு வந்தால் அந்தப் பக்கத்தைத்தான் காட்டுவேன். பாதி கேட்காது. அவ்வளவு நிம்மதி.

"சத்தம் கம்மின்னு நெனச்சு இந்த இடது பக்கத்தைப் போட்டுத் தொறந்து விட்டிருக்கீங்க. பாவம், இது ஒண்ணே ரெண்டு பங்கு காத்தைக் குடிக்குது. தள்ளுங்க."

குழாயை வாங்கினாள். நகர்ந்து நகர்ந்து குனிந்து, ரெண்டையும் ஒரே காதில் கேட்டாள். இடது திருகாணியை அரைச் சுற்று குறைத்தாள். மறுபடி கேட்டாள். இன்னும் ஒரு துளி. கம்பியை முடுக்கினாள்.

அடடா! உதறல் நின்றது. எஞ்சின் ஓடுகிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. மட்கார்டில் வைத்திருந்த தண்ணி டம்ளரில் ஒரு அலை இல்லை. ஐம்பது வயது இரும்பு குழந்தை மாதிரி மூச்சுவிட்டது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. காரைப் பார்ப்பதா, இவளைப் பார்ப்பதா என்று வாயைப் பிளந்து நின்றேன்.

டாக்டர் சரியாக நாலு மணிக்கு வந்தார். "மன்னிச்சுக்கோங்க டாக்டர், வண்டி விற்கிறதா இல்லை" என்று அவளே சொல்லி அனுப்பிவிட்டாள்.

"தெய்வமே, என் காரைக் காப்பாத்திட்டே!" என்றேன்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்தாள்.

"எங்கே கெளம்பிட்டே?"

"ஓட்டிப் பழக வேண்டாமா? நாளைக்கு ஆபீசுக்கு இதுலதானே போகப்போறேன். உங்களுக்கு பஸ்."

"இதென்ன அநியாயம்! இதுக்கு நான் எப்போ ஒத்துக்கிட்டேன்?"

"போன வாரம்தான். 'ஓடலைன்னா டாக்டருக்கு'ன்னு உங்க வலது பக்கம் உட்கார்ந்து சொன்னேன். 'ஓடினா எனக்கு'ன்னு இடது பக்கம் வந்து உட்கார்ந்து சொன்னேன். ரெண்டுக்கும் நல்லாத் தலையாட்டினீங்க."