சர்வர் பேய்க்குச் சூடம் காட்டிய சித்தர்

கடலூரிலிருந்து சிதம்பரம் வரைக்கும் கம்ப்யூட்டர் வைத்திருக்கிற கடைக்காரர் அத்தனை பேர் வாயிலும் ஒரே பேர்தான்: சர்வர் சித்தர் காத்தவராயன். பிரிண்டர் பேப்பரைக் கடித்தால் எலுமிச்சம்பழம், நெட் படுத்துக்கொண்டால் தாயத்து. சேத்தியாத்தோப்பில் ஒரு மனுஷன் லேப்டாப்புக்கு மொட்டை போடுவதாகவே வேண்டிக்கொண்டான். முடி எங்கே இருக்கிறது என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

அந்த மகான் இன்று சிதம்பரத்தில், ஸ்ரீதரின் கல்யாண ஆல்பம் கடையில் எழுந்தருளியிருந்தார். வாசலில் தேர்க்கூட்டம். உள்ளே ஓரமாக நின்றாள் கயல்விழி. கடையின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவள் அவள்தான். படமெல்லாம் இருக்கிற பழைய சர்வர் பெட்டியில் டிஸ்க் விளக்கு ஓயாமல் சிமிட்டும், டிஸ்க்கும் அடிக்கடி மண்டையைப் போடும். உள்ளே ஒரு பேய் உட்கார்ந்து எழுதிக்கொண்டே இருக்கிறது, அது கயல்விழியோடு வந்தது, அவளை வேலையை விட்டு அனுப்பினால் அதுவும் போய்விடும் என்று சித்தர் சொல்லிவிட்டார். பெண்ணாடத்தில் அவள் சம்பளத்தை நம்பித்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது. அது பேய்க்குத் தெரியுமா, சித்தருக்குத்தான் தெரியுமா?

பெட்டியைத் திறந்து பார்க்கிறேன் என்று அவள் எத்தனையோ தரம் கேட்டாள். தாயத்து கட்டிய பெட்டியைத் தொடக்கூடாது என்றுவிட்டார் ஸ்ரீதர்.

பூஜைக்கு ஒரு முறை உண்டு. சர்வர் பெட்டியைத் தவிர எல்லா மிஷினையும் அணைத்துவிட்டுக் கைகட்டி நிற்க வேண்டும். நின்றார்கள். சித்தர் சூடம் காட்டினார். பெட்டியின் விளக்கு சிமிட்டுவதை நிறுத்தியது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

கயல்விழிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சாமி, இன்னொரு தரம் காட்டுங்க. இந்தத் தரம் நாங்க வேலை செஞ்சிக்கிட்டே இருக்கோம்."

பேய்க்குக் கோபம் வரும் என்றார் சித்தர். வந்தால் நீங்கள்தான் இருக்கிறீர்களே என்று ஸ்ரீதரே சொல்லிவிட்டார். கயல்விழி சொன்னபடி கடைப் பையன்கள் மிஷினைப் போட்டு, காலையில் பார்த்த ஆல்பத்தையே மறுபடி திறந்து சும்மா பார்த்தார்கள். சித்தர் சூடம் காட்டினார், உறுமினார், விபூதியை அள்ளி வீசினார். சர்வரின் ஃபேன் அதை அப்படியே அவர் மூஞ்சிக்குத் திருப்பி அனுப்பியது. சித்தர் தும்மினார். விளக்கு மட்டும் ஜாஸ்தியாக ஆடியது.

"பாத்தியா, பேய் எழுதுது," என்றார் மூக்கைத் துடைத்தபடி.

"பேய் இல்ல சார்," என்று ஸ்ரீதரிடம் திரும்பினாள் கயல்விழி. "பார்த்த படம் மெமரியிலயே இருக்கு, அதுக்கு டிஸ்க் வேணாம். ஆனா ஒரு படத்தைத் தெறந்தாலே, எப்ப தெறந்தோம்னு பெட்டி டிஸ்க்குல குறிச்சி வெச்சிக்குது. நாளு பூரா அந்த வெட்டி எழுத்துதான். அந்தக் குறிப்பை நீங்க என்னிக்காவது பாத்திருக்கீங்களா?"

அப்படி ஒன்று இருப்பதே ஸ்ரீதருக்குத் தெரியாது. அவள் அந்தப் பழக்கத்தை செட்டிங்கில் நிறுத்தினாள். பையன்கள் வேலையை விடவில்லை. விளக்கு எப்போதாவது ஒருதரம் சிமிட்டிவிட்டுச் சும்மா இருந்தது.

பேய் தனக்குப் பயந்து ஓடிவிட்டதாகச் சொல்லிக்கொண்டே சித்தர் செருப்பைத் தேடினார். கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது. ஸ்ரீதர் தலையைச் சொறிந்துகொண்டு, நாளைக்கு வழக்கம்போல வேலைக்கு வந்துடும்மா என்றார்.

"வரேன் சார். அவுரு மிஷினை அணைக்கச் சொன்னாரு, அணைச்சீங்க. மூளையையும் எதுக்கு சார் சேத்து அணைச்சீங்க?"