தடியனுக்குப் போட்ட பூட்டு

"இன்னையிலிருந்து இந்த வீட்டுப் பூனை வாசப்படி தாண்டாது. தாண்டுச்சுன்னா என் கடைப் பலகையைக் கழட்டி அடுப்புல வெச்சிடறேன்!"

திங்கட்கிழமை காலை. ஒரு கையில் தேநீர், மறு கையில் தாழ்ப்பாள். இந்தக் கோலத்தில் நின்றுகொண்டு பூட்டுக்காரர் சபதம் செய்தார். கேட்க ஆள் அதிகமில்லை. மனைவி அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு வயது மகள் தன் கையைவிடப் பெரிய இரும்புச் சாவி ஒன்றால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தாள். கிழப்பூனை மகாராணி ஜன்னலில் தூங்கிக்கொண்டிருந்தாள். சபதத்துக்கு உரிய இன்னொரு பூனை தடியன், முதல் வாக்கியம் முடியும் முன்பே சமையலறை ஜன்னல் வழியாகப் போய்விட்டிருந்தான்.

"எந்தப் பலகைங்க?" என்றாள் மனைவி. "‘சாவி இல்லாமல் எமனாலும் திறக்க முடியாது’ன்னு எழுதியிருக்கே, அதுவா?"

"அதேதான்."

"நல்ல தேக்குப் பலகையாச்சே. அடுப்புல வெச்சா ரெண்டு நாள் எரியும்."

அந்த நாளில் அந்தத் தெருவில் மனிதர்கள் நடக்க ஒரு வழி, பூனைகள் நடக்க ஒரு வழி இருந்தது. பூனைகளின் வழி மதிலுக்கு மேலே. முதல் வீட்டில் ஏறினால் கடைசியில் இருக்கிற பெண்கள் விடுதி வரை கால் தரையில் படாமல் போகலாம். தடியன் அந்தச் சாலையில் போகிற நேரம் பிசகாது. பத்து மணிக்குப் பக்கத்து வீட்டுத் தையல்காரரின் மேசைக்கு அடியில், துணி வெட்டுகளின் மேல். பன்னிரண்டுக்குத் தகரக் கூரையில். மூன்று மணிக்கு விடுதிச் சமையலறையில், பால் காய்ச்சும் நேரம். கடிகாரம் நின்றுபோன வீட்டில் தடியனைப் பார்த்து மணி சொல்வார்கள். மழை வந்தால் மட்டும் எல்லோருக்கும் மணி தெரியாமல் போகும். இப்போது அந்த மதில்களின் மேல் கண்ணாடிச் சில்லு பதித்துவிட்டார்கள். மணி பார்க்க எல்லோரும் கைபேசியை எடுக்கிறார்கள்.

தடியன் இந்த வீட்டுக்கு வந்ததே கடை வழியாகத்தான். கல்யாணமான புதிதில் ஒரு நாள், சாவிப் பெட்டியை இழுத்தபோது உள்ளங்கை அளவில் ஏதோ ஒன்று உள்ளேயிருந்து அவரைத் திட்டியது. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். ஏற்கெனவே அங்கே மகாராணி இருந்தாள். மனைவியோடு பிறந்தகத்திலிருந்து வந்தவள். புதியவனை மோந்து பார்த்துவிட்டு, "சரி, மூலையில் கிட" என்பதுபோல் திரும்பிப் படுத்தாள். அப்போதெல்லாம் வீட்டுக்கு ஒரே ஒரு பூட்டு. அதையும் பாதி நாள் மாட்ட மறந்துவிடுவார். மாலையில் கதவை அகலத் திறந்துபோட்டுவிட்டு இருவரும் வாசற்படியில் உட்கார்ந்திருப்பார்கள். குட்டி இவர் மடிக்கும் அவள் மடிக்கும் நடுவே போய் வந்துகொண்டிருக்கும். பேச்சு என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. யார் மடியில் அதிக நேரம் தூங்குகிறது என்று சண்டை போட்டுக்கொள்வார்கள். அவ்வளவுதான்.

பிறகு குழந்தை பிறந்தது. கூடவே மனிதருக்குப் பயமும் பிறந்தது.

தொட்டில் பக்கத்து ஜன்னலுக்கு ஒரு கொக்கி. கொல்லைக் கதவுக்கு ஒரு பூட்டு. அந்தப் பூட்டுக்கு மேலே ஒரு தாழ். சர்க்கரை டப்பாவுக்குக்கூட ஒரு குட்டிப் பூட்டு, எறும்பு வராதாம். சிரிக்கலாம். ஆனால், தூங்குகிற பிள்ளையின் மூக்கருகே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று ஒரு தடவையாவது பார்க்காத பெற்றவர்கள் இருந்தால், அவர்கள் முதலில் சிரிக்கட்டும்.

ஆறு மாதம் முன்பு மனைவி மெதுவாகக் கேட்டிருந்தாள். "விடுதியில உதவிக்கு ஆள் தேடறாங்களாம். கல்யாணத்துக்கு முன்னாடி நான் பார்த்த வேலைதானே. போகட்டுமா?"

"கைக்குழந்தையை வெச்சுக்கிட்டா? வெயில், வண்டி, நாய். கதவைச் சாத்திக்கிட்டுப் பத்திரமா இரு."

"பத்திரமா வெச்சுக்க நான் என்ன நகையாங்க?"

கடைக்கு நேரமாகிவிட்டது என்றார். அன்று ஞாயிற்றுக்கிழமை.

இப்போதைய சபதத்துக்குக் காரணமும் விடுதிதான். சனிக்கிழமை வார்டன் அம்மா கடைக்கு வந்திருந்தார். நாற்பது அறைக்கு நாற்பது பூட்டு வேண்டும். பூட்டுக்காரரின் வாழ்நாளில் அவ்வளவு பெரிய வேலை வந்ததில்லை. வார்டன் அம்மா ஒரு பூட்டைக் கையில் எடைபார்த்துவிட்டு, "வெள்ளிக்கிழமை மாதிரிகளோட வாங்க, முடிவு சொல்றேன். ஆனா உங்க பூனை தினம் மூணு மணிக்கு எங்க பால் பாத்திரத்துக்கிட்ட நிக்குதே. சொந்த வீட்டுப் பூனையையே உள்ளே வைக்க முடியலை. நாற்பது பொண்ணுங்களுக்கு நீங்க எப்படிக் காவல்?" என்று சொல்லிவிட்டுப் போனார். விளையாட்டாகத்தான் சொன்னார். பூட்டுக்காரருக்கு அது நெஞ்சில் தைத்தது. இரண்டு இரவு புரண்டு புரண்டு படுத்தார்.

ஆகவே திங்களன்று, தடியனைப் பிடித்து உள்ளே போட்டுவிட்டு, சமையலறை ஜன்னலுக்குத் தாழ்ப்பாள். கிளம்பும்போது மனைவிக்கு உத்தரவு.

"அப்படியும் அது வெளியே போயிடுச்சுன்னா, வார்டன் அம்மா கண்ணுல படறதுக்குள்ள நீயே போய்ப் பிடிச்சுட்டு வந்துடு."

"நான் போகலாமா?"

"பூனைக்காகத்தானே. போ."

மூன்று மணிக்கு மனைவி துணி எடுக்கக் கதவைத் திறந்தாள். தடியன் போய்விட்டான். அன்று அது நிஜமாகவே விபத்து. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் தெருக்கோடிக்குப் போனாள். நாலரை மணிக்குப் பூனையைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினாள். முகம் சிவந்திருந்தது. தலை கலைந்திருந்தது. ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தாள்.

"ஒன்றரை மணி நேரமா?" என்றார் பூட்டுக்காரர் மாலையில்.

"உங்க பூனை சுலபத்துல கையில சிக்குமா?"

செவ்வாயன்று வாசல் கதவுக்கு, உள்ளே ஐந்து நெம்புகோல் வைத்த பூட்டு. கடையிலேயே உசத்தி. "இதுக்கு ஒரே ஒரு சாவிதான். மாற்றுச் சாவி நான் செய்யவே இல்லை. மாற்றுச் சாவி இருந்தா பூட்டுக்கு மரியாதை கிடையாது," என்று மனைவியின் கையில் அதைக் கொடுத்தார். "அவசரத்துக்கு உன்கிட்ட இருக்கட்டும். பத்திரம்."

"உயிர் மாதிரி வெச்சுக்கறேன்."

மூன்று மணிக்குத் தடியன் விடுதியில் இருந்தான்.

புதன்கிழமை காற்றுத் துவாரத்துக்குக் கம்பி வலை. கொல்லைக் கதவுக்குக் குறுக்குச் சட்டம். மூன்று மணிக்குத் தடியன் விடுதியில் இருந்தான்.

பக்கத்து வீட்டுத் தையல்காரர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டார். "அண்ணே, உங்க கடைப் பூட்டுல பூனைக்குன்னு தனி ஓட்டை வெச்சிருக்கீங்களா?"

"உன் வேலையைப் பாருப்பா."

"பார்த்துக்கிட்டேதான் இருக்கேன். அண்ணி தினம் மூணு மணிக்கு வேகமா நடந்து போறாங்க. பூனை அவங்களுக்குப் பின்னாடி போகுது."

"பின்னாடியா? பூனைக்கு அவ்வளவு திமிர்! தேடறவங்க பின்னாடியே போய் ஒளிஞ்சுக்குது பாரு!"

தையல்காரர் நூலைப் பல்லால் கடித்துக்கொண்டு குனிந்துகொண்டார்.

வீட்டுக்கு வந்தவர் மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். "நீ சொல்லுடா தங்கம். தடியன் எப்படி வெளியே போனான்?"

குழந்தை யோசித்தது. வலது கையை நீட்டி, மணிக்கட்டை ஒரு திருப்புத் திருப்பி, "கிளிக்" என்றது.

பூட்டுக்காரருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "பார்த்தியா! ரெண்டு வயசுல சாவி திருப்பற பக்குவம்! தொழில் ரத்தத்துல ஊறிக் கிடக்கு!"

"ஆமாங்க," என்றாள் மனைவி, அவசரமாகக் குழந்தையை வாங்கிக்கொண்டு. "அப்படியே உங்களைக் கொண்டிருக்கா."

வியாழனன்று அறிவியல். கிளம்பும்போது கூடம் முழுவதும் முகப்பவுடரைத் தூவிவிட்டுப் போனார். மாலையில் வந்து, மண்டியிட்டு, உருப்பெருக்கிக் கண்ணாடியோடு தவழ்ந்தார். பூனையின் காலடிகள் கூடத்தின் நடுவே நேர்க்கோடாக வாசல் கதவுக்குப் போயிருந்தன. பக்கத்திலேயே, அதே வேகத்தில், ஒரு ஜோடிச் செருப்புத் தடமும்.

"இது யார் செருப்பு?"

"என்னோடதுதான். பூனையைத் தேடப் போனேன்ல."

"ஆமாம், ஆமாம். நான்தானே சொன்னேன்." செருப்புத் தடத்தைத் துடைத்துவிட்டுப் பூனைத் தடத்தையே உற்றுப் பார்த்தார். "கண்டுபிடிச்சுட்டேன்! கதவுக்கு அடியில இடுக்கு இருக்கு. அது வழியாத்தான் போயிருக்கான்."

"அந்த இடுக்குல என் சுண்டுவிரலே போகாதுங்க. தடியனா போவான்?"

"பூனைக்கு உடம்புல எலும்பே கிடையாது, தெரியுமா?"

"அப்போ தினம் அவ்வளவு மீன் திங்கறானே, அந்த முள்ளெல்லாம் எங்கேங்க போகுது?"

மகாராணி ஜன்னலிலிருந்து ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தாள். பூட்டுக்காரர் அவளைக் காட்டி, "இவளைப் பாரு. ஏழு வருஷமா வாசப்படி தாண்டினதில்லை. வீடுன்னா இப்படி இருக்கணும்," என்றார்.

"அவளுக்கு மூட்டு வலிங்க," என்றாள் மனைவி.

வெள்ளிக்கிழமை வந்தது. இஸ்திரி போட்ட சட்டை. பையில் ஐந்து மாதிரிப் பூட்டு. கதவு இடுக்கில் கோணித்துணி. வாசலில் நின்று, கெஞ்சாத குறையாகச் சொன்னார். "இன்னிக்கு ஒரு நாள் என் மானத்தைக் காப்பாத்து. மூணு மணிக்கு நான் விடுதியில இருப்பேன். அந்தத் தடியனை மடியை விட்டு இறக்காதே."

"சத்தியமா இறக்க மாட்டேன். என் மடியிலதான் இருப்பான்."

விடுதி அலுவலறையில் வார்டன் அம்மா அவரை உட்காரவே சொல்லவில்லை. "பூட்டு விஷயமெல்லாம் இப்போ நான் பார்க்கறதில்லைங்க. நாற்பது அறைச் சாவியும் கலந்துபோய் ஒரு மாசமா தலையைப் பிச்சுக்கிட்டு இருந்தேன். திங்கட்கிழமை ஒரு பொண்ணு பூனையைத் தேடிக்கிட்டு வந்துச்சு. நின்ன இடத்துலயே அத்தனையையும் பிரிச்சுக் கொடுத்துட்டுப் போச்சு. அன்னிக்கே உதவி வார்டனா வேலைக்குச் சேர்த்துக்கிட்டேன். உள்ளே போங்க, அவங்கதான் முடிவு பண்ணுவாங்க."

உள்ளே மேசைக்குப் பின்னால் அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள். சுவரில் நாற்பது ஆணி. நாற்பது சாவி. ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். முற்றத்தில் அவர் மகள் பத்துப் பதினைந்து பெண்களுக்கு நடுவே பந்து உருட்டிக்கொண்டிருந்தாள்.

"நீயா? இங்கேயா? பூனை எங்கே?"

"மடியில இருக்கு. நீங்க சொன்ன மாதிரியே."

தடியன் மேசை விளிம்புக்கு மேலே தலையைத் தூக்கி, மீசையில் பாலோடு, முன்பின் தெரியாதவரைப் பார்ப்பதுபோல் அவரைப் பார்த்தான்.

பின்னாலேயே வந்த வார்டன் அம்மா கேட்டார். "ஒரு வாரமா இவர் பூட்டையெல்லாம் நீங்களே சோதிச்சுப் பார்த்திருக்கீங்களாமே. எப்படி?"

"முதல் தரம், மேடம். ஒரு குறை சொல்ல முடியாது. சாவி இல்லாம எமனாலும் திறக்க முடியாது."

"சாவி இருந்தா?"

முற்றத்திலிருந்து ஓடி வந்த குழந்தை அம்மாவின் முழங்காலில் சாய்ந்துகொண்டு, மணிக்கட்டைத் திருப்பிக் காட்டியது. "கிளிக்."

பூட்டுக்காரருக்கு அந்தச் சத்தம் இப்போதுதான் காதில் விழுந்தது. ஒரு வாரமாகப் பூட்டைப் பார்த்தார், தாழைப் பார்த்தார், இடுக்கைப் பார்த்தார். சாவியைக் கையில் வைத்திருந்த ஆளை மட்டும் அவர் பார்க்கவில்லை. இருபது வருஷத் தொழில்.

வார்டன் அம்மா நல்லவர். தொலைபேசி அடிக்கிறது என்று வெளியே போனார். அது அடிக்கவில்லை.

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"ஆறு மாசம் முன்னாடி சொன்னேனே. அப்புறம் நீங்களே ‘போ’ன்னு சொன்னீங்க. திங்கட்கிழமை."

"அது பூனைக்காக..." அவர் குரல் இறங்கியது. "குழந்தைக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா?"

"நாற்பது அக்கா இருக்காங்க. அவ கீழே விழணும்னாகூட இடம் கிடைக்காது." அவள் பூனையின் காதைத் தடவிக்கொண்டே சொன்னாள். "எனக்கும் பயம்தாங்க. உங்களுக்குக் கொஞ்சமும் குறையாத பயம். ஆனா கதவைச் சாத்திட்டா அது வெளியே போறதில்லை. என்கூடவே உள்ளே உட்கார்ந்துக்குது."

பூட்டுக்காரர் பையிலிருந்து பூட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். வேறென்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

"நாற்பதும் எடுத்துக்கறோம்," என்றாள் உதவி வார்டன். "ஒரே ஒரு நிபந்தனை. உள்ளே இருக்கிறவங்க சாவி இல்லாம உள்ளேயிருந்தே திறந்துக்கற மாதிரி இருக்கணும்."

"முடியும்," என்றார். பிறகு, "வீட்டுக்கும் ஒண்ணு செய்யறேன்," என்றார். அவள் சிரித்தாள். கல்யாணமான புதிதில் மடிக்குச் சண்டை போட்ட நாட்களின் சிரிப்பு. அதைப் பார்த்துவிட்டு அவர் கதவில் முட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

வாழ்நாளின் பெரிய வேலை கையில். தெரு முழுக்க மாலை வெயில். மதில் மேல் ஏதோ ஒன்று அவருக்கு இணையாக நடந்து வந்தது. பால் முடிந்துவிட்டது போலும். வீட்டு வாசலில் நின்று கதவைத் தள்ளினார். பூட்டியிருந்தது. ஐந்து நெம்புகோல். ஒரே சாவி. அந்தச் சாவி விடுதியில், உதவி வார்டனின் இடுப்பில். ஆறு மணிக்குத்தான் அவள் வேலை முடியும். திரும்பிப் போய்ச் சாவி கேட்க மானம் இடம் தரவில்லை. கொல்லைப்பக்கம் குறுக்குச் சட்டம். காற்றுத் துவாரத்தில் கம்பி வலை. எல்லாம் நல்ல வேலை. யார் செய்தது!

படியைத் துண்டால் தட்டிவிட்டு உட்கார்ந்தார். அந்தப் படியில் உட்கார்ந்து இரண்டு வருஷமாகிவிட்டது. கல் வெதுவெதுப்பாக இருந்தது. தடியன் மதிலிலிருந்து இறங்கி, கொஞ்சம் யோசித்து, அவர் மடியில் ஏறிச் சுருண்டுகொண்டான். கனம் கூடியிருந்தான். ஜன்னலுக்கு உள்ளே மகாராணி இருவரையும் பார்த்துவிட்டுக் கொட்டாவி விட்டாள்.

தையல்காரர் எட்டிப் பார்த்தார். "என்ன அண்ணே, பூனை மறுபடியும் வெளியே வந்துடுச்சா?"

"ஆமாம்ப்பா," என்றார் பூட்டுக்காரர். "இன்னிக்கு ரெண்டு."