காக்களூரில் குதிரைப் படம்

பூவராகவனின் டூரிங் டாக்கீஸில் அன்று ஓடிய குதிரைகள் எல்லாம் ஒட்டகத்துக்குப் பிறந்தவை போலிருந்தன. உடம்பைக் காணோம், கால் மட்டும் பனைமர உயரம். கதாநாயகன் தொப்பியோடு சேர்ந்து ஊதுபத்தியாக நின்றான். மணலைக் குவித்து உட்கார்ந்திருந்த காக்களூர் ஜனம் வயிறு குலுங்கச் சிரித்தது. படமோ, அப்பனைக் கொன்றவனைப் பாலைவனமெல்லாம் தேடி அலையும் ஒரு மகனின் சோகக் கதை.

பூவராகவன் ஆபரேட்டர் தாவீதிடம் ஓடினார்.

“இன்னாய்யா இது? மவுண்ட் ரோட்ல நான் பாக்க சொல்லோ எல்லாரும் கொழுகொழுன்னுதானே இருந்தானுங்க?”

“இது சினிமாஸ்கோப்பு மொதலாளி. படத்தை நெருக்கிப் புடிச்சிருப்பான். விரிச்சுக் காட்டறதுக்குத் தனியா ஒரு லென்சு கீது. நீங்க பொட்டிய மட்டும் தூக்கிக்கினு வந்துட்டீங்க.”

பூவராகவனுக்கு அந்தப் படம் வெறும் படமில்லை. கொட்டாய் நின்ற நிலம் அப்பாவு என்பவருடையது. மெட்ராஸிலிருந்து வந்த ஒரு போல்ட்டு கம்பெனிக்காரர் அந்த இடத்தைக் கேட்டு நடையாய் நடந்துகொண்டிருந்தார். “ஞாயித்துக்கெழமை வந்து பாப்பேன் பூவராகவா. கொட்டா ரொம்பியிருந்தா நீயே இரு. காலியா இருந்துதுன்னா, கம்பெனிக்காரனுக்குக் குடுத்துருவேன். அப்பறம் என்னைக் கொற சொல்லாத” என்று அப்பாவு கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

சாயங்காலம் கொட்டாய் ஒலிபெருக்கியில் சாமி பாட்டு கேட்டதும் ஊரில் அடுப்புகள் அவசரமாய் அணையும். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையில் முறுக்குப் பொட்டலத்தோடு பெண்கள் ஓட்டமும் நடையுமாய் வருவார்கள். ரீல் அறுந்தால் எழும் விசிலுக்குத் திருப்பாச்சூர் வரைக்கும் நாய்கள் குரைக்கும். அந்த மணலில் சாய்ந்து படம் பார்த்த சுகம் பிற்பாடு எந்த ஏசி தியேட்டரிலும் கிடைக்கவில்லை. பூவராகவனுக்கு அதை விட்டால் வேறு பிழைப்பும் தெரியாது, வேறு சந்தோஷமும் தெரியாது.

மறுநாளே ரயிலேறிப் போய் லென்சை வாங்கி வந்தார். குதிரைகள் குதிரைகளாயின. ஆனால் படம் இரண்டு மடங்கு அகலமாகிவிட்டது. கதாநாயகன் திரையில் நின்றான், அவன் குதிரை பெண்கள் பக்கத்துக் கீற்றுத் தட்டியில் நின்றது. வில்லன் முகம் மூங்கில் கம்பத்தில் சுற்றிக்கொண்டது.

“யாரு யாரைச் சுடறான்னே தெரியலையே” என்று ஜனம் எழுந்து போயிற்று.

பூவராகவன் சளைக்கவில்லை. மல் துணி வாங்கி, டெய்லரை உட்கார வைத்து, ஏற்கெனவே இருந்ததைப் போல் இரண்டு மடங்கில் புதுத் திரை தைத்தார். அது கொட்டாய்க்குள் அடங்கவில்லை. பின்பக்கத்துத் தட்டியை அடியோடு பிரித்துப் போட்டு, வறண்டு கிடந்த ஏரிப் பக்கமாய்க் கம்பம் நட்டு, திரையை அங்கே கட்டினார்.

“ஸ்க்ரீனு ரொம்ப மெல்லிசா கீதே மொதலாளி” என்றான் தாவீது.

“அப்ப வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டு. நம்ம படம் பளிச்சுன்னு இருக்கணும்.”

வெளிச்சம் கூடியது, கூட்டம் குறைந்தது. முன்பு பாதியாவது நிறைந்த தரை டிக்கெட்டில் இப்போது அங்கொருவர் இங்கொருவர்.

“பாஷை புரியலை, அதான்” என்று முடிவு கட்டிய பூவராகவன், மெட்ராஸில் துரை வீட்டில் வேலை பார்த்துவிட்டு வந்திருந்த சின்னதுரையைப் பிடித்து மைக்கைக் கொடுத்தார். சின்னதுரைக்கு இங்கிலீஷ் எவ்வளவு தெரியும் என்பது கர்த்தருக்கே வெளிச்சம். ஆனால் கதை சொல்வதில் சூரன்.

“டேய் பேமானி, எங்க நைனாவைக் கொன்னுட்டு நீ மட்டும் நாஷ்டா துன்னுகினு கீறியான்னு கேக்கறாரு, பாத்துக்கோ” என்று அவன் சொல்ல, திரைக்குப் பின்னாலிருந்த ஒலிபெருக்கி ஏரியெல்லாம் அதிரும்படி முழங்கிற்று.

உள்ளே கூட்டம் இன்னும் குறைந்தது. முறுக்கு விற்கும் குப்பாயிகூடக் கொட்டாய்க்குள் வருவதை நிறுத்திவிட்டாள். வியாபாரத்துக்கு ஸ்டேஷன் பக்கம் போய்விட்டாள் போலிருக்கிறது என்று பூவராகவன் மனம் நொந்தார்.

ஒரு விஷயம் மட்டும் அவருக்கு ஆறுதலாக இருந்தது. துப்பாக்கிச் சண்டை வரும்போதெல்லாம் திரையிலிருந்து கைதட்டலும் விசிலும் பிரமாதமாய்க் கேட்டன.

“பாத்தியா தாவீது, வெள்ளக்காரன் வெள்ளக்காரன்தான். கைத்தட்டலைக்கூட சேத்துப் புடிச்சு அனுப்பிருக்கான்.”

தாவீது ஜன்னல் வழியே காலி மணலைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. டிக்கெட் இல்லாமல் ஒரு கோழிக்குஞ்சுகூட உள்ளே நுழைந்துவிடக் கூடாதென்று பூவராகவனே ரோட்டுப் பக்கக் கேட்டில் காவல் நின்றார். கோழிக்குஞ்சும் வரவில்லை. அப்பாவுதான் வந்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். மணலில் ஒரு நாய் சௌகரியமாகப் படுத்திருந்தது. திரையில் கதாநாயகன் தன்னந்தனியே குதிரை மேல் போய்க்கொண்டிருந்தான்.

“இன்னா பூவராகவா, ஊருல ஒருத்தனுக்கும் புடிக்கலியா?”

பூவராகவன் தோளிலிருந்த துண்டால் முகத்தைத் துடைத்தார். அழுகை வந்துவிட்டது, வேர்வை என்று சாதித்தார்.

“தப்பு என்னுதுதாங்க. பாட்டு இல்ல, அம்மா இல்ல, தங்கச்சி இல்ல. வெறும் புழுதியும் குதிரையும். நம்ம சனத்துக்கு இதெல்லாம் ஒத்து வராது. பெரிசா காட்டினா பெரிசா ரசிப்பாங்கன்னு நெனச்சுட்டேன்.”

“மனசை உட்டுடாத. கம்பெனிக்காரன் கிட்ட வாச்மேன் வேலைக்குச் சொல்றேன்” என்றார் அப்பாவு. அவரும் பாவம், கல்நெஞ்சக்காரர் இல்லை.

திங்கட்கிழமை காலையில் கொட்டாய் பிரிந்தது. கீற்றுகள் இறங்க இறங்க, உள்ளே வெயில் விழுந்த மணலைப் பூவராகவன் பார்த்துக்கொண்டே நின்றார். எத்தனை பேர் சிரித்த மணல், எத்தனை பேர் அழுத மணல். கடைசியில், அவர் ஆசை ஆசையாய்த் தைத்த அந்த அகலத் திரையைத் தாவீது அவிழ்த்து மடித்தான்.

அப்போது குப்பாயி பதறிக்கொண்டு ஏரிக்கரையிலிருந்து இறங்கி வந்தாள்.

“இன்னா நைனா, கொட்டாவப் பிரிக்கிற?”

“படம் போணியாகலை குப்பாயி. பாக்கறதுக்கு நாதியில்ல.”

குப்பாயி அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு கூடையைக் கீழே வைத்துவிட்டு, சில நாளாய் மனதில் அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டாள்.

“போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிட்டுப் போ நைனா, ஏரிக்குள்ள குந்திக்கினு தெனம் பாத்த அம்மாம் சனத்துக்கும் இதே டவுட்டுதான்: அந்த ஊருல நல்லவன் கெட்டவன் அல்லாருமே பீச்சாங்கையாலதான் சுடுவாங்களா?”