முந்தானையில் ஏறிய கல்லு மனுசன்

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
12.6.2005

மதிப்பிற்குரிய தாவீது மாமா அவர்களுக்கு, தங்கள் மருமகன் விக்ரம் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. நானும் தங்கள் பேத்தி ஸ்நேஹாவும் நலம். அரக்கோணத்தில் தாங்களும் அத்தையும் நலமாயிருக்க ஜெபிக்கிறோம்.

தங்கள் கடிதம் கிடைத்தது. கிரேஸ் போய் ஏழு மாசம் ஆகியும் நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, இப்படிப்பட்டவனிடம் பிள்ளை வளரக்கூடாது, சனிக்கிழமை வந்து கூட்டிப்போகிறோம் என்று எழுதியிருந்தீர்கள். மாமா, அடக்கத்தன்னிக்கி நான் அழுவாம மைக் செட்ட நோண்டிக்கினு இருந்தேன்னு நீங்க சொல்றது வாஸ்தவம். ஆம்ப்ளிஃபயர்ல உர்ர்ருனு சத்தம் வந்துக்கினே இருந்துது, பாஸ்டர் ஜெபம் பண்றது ஒண்ணும் கேக்கல, எர்த் ஒயரு லூசு. எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படிச்சவன் அங்க நான் ஒருத்தன் தான இருந்தேன். மத்தபடி நான் நல்லா தான் இருக்கேன்.

அப்புறம் நான் பட்டுப்பொடவையில பேய்ப் படம் போட்டுட்டதா யாரோ உங்ககிட்ட சொன்னாங்களாமே, அது பேய் இல்ல மாமா. போன மாசம் ஒரு ஞாயித்துக்கெழம சர்ச்சு முடிஞ்சி வந்து, கேபிள்ல தமிழ் பேசற இங்கிலீஷ் படம் ஒண்ணு பாத்துக்கினு இருந்தோம். மொதப் பாதியில ஆறு வீரருங்க சேந்து ஒலகத்தக் காப்பாத்துறாங்க. ரெண்டாவது பாதியில அந்த ஆறு பேரக் காப்பாத்தறதுக்கு ஒரு டாக்டரம்மா வந்து, எல்லாரையும் ரவுண்டா சேர் போட்டு ஒக்கார வெச்சிட்டாங்க. பறக்கறவரால கட்டில உட்டே எறங்க முடியலயாம். நெருப்பு உடறவரு அடுப்பக் கண்டாலே நடுங்குறாரு. கல்லு மனுசன்னு ஒருத்தரு, மேல பஸ்ஸே உழுந்தாலும் அவுருக்கு வலிக்காது. டாக்டரம்மா, "எப்பலேந்துப்பா வலிக்கல?"ன்னு கேக்குறாங்க, அவுரு கையில ஒட்டின கல்லுத் தூசியத் தட்டிக்கினு இருக்காரு. ஸ்நேஹா என்னத் திரும்பிப் பாத்து, "அப்பா, இது நீ தான?"ன்னா. நான் கேபிள் ஒயர சரி பண்றேன்னு எழுந்து போயிட்டேன். ஒயரு நல்லா தான் இருந்துது.

ஸ்கூல் பெரிய லீவு, மறுநாள் நான் வேல பாக்கற பொடவ டிசைன் சென்டருக்கே அவளக் கூட்டிக்கினு போனேன். கம்ப்யூட்டர்ல கல்லு மனுசன வரைஞ்சி குடுன்னா. பொடவ டிசைன் போடற கட்டத்துலயே வரைஞ்சேன். கண்ணீரும் போடுன்னா, கண்ணுக்கு மூணு கட்டம் போட்டேன். சாயங்காலம் ஒரு கல்யாணப் பொடவைக்கு யாளி டிசைன் அட்டை குத்தணும், ஃபைலு மாறிப்போச்சி. எட்டு வருசத்துல மொத தடவ. அட்டையில இன்னா ஓட்ட இருக்குதோ அது தான் தறியில ஏறும். முந்தானை ஒரு முழம் நெய்ஞ்சப்புறம் நெசவுக்காரரு கலியாணசுந்தரம் சைக்கிள்ல வந்து எறங்கி, "ஏம்பா, யாளி எதுக்குபா அழுவுது?"ன்னாரு. மொதலாளி பூவராகவன் தலையில கை வெச்சிக்கினு ஒக்காந்துட்டாரு.

கல்யாணப் பொண்ணோட அம்மா குமுதவல்லியம்மா, சின்ன காஞ்சிபுரம், தகவல் தெரிஞ்சி தறிக்கே வந்தாங்க. கண்ணாடியத் தொடச்சி மாட்டிக்கினு ரொம்ப நேரம் பாத்தாங்க. "யாளி இல்லே, நரசிம்மர்னா இவர். இரணியனை வதம் பண்ணின கோபம் அடங்காம உக்காந்திருந்தார். தேவாளெல்லாம் பயந்துண்டு எட்ட நின்னா, கொழந்தை பிரகலாதன் ஒருத்தன்தான் கிட்டப் போனான். அப்பறம் அழாம என்ன பண்ணுவார், பாவம்"னு சொல்லிட்டு, நாத்தனாருக்கும் இதே டிசைன்ல ஒண்ணு சொல்லிட்டாங்க. நான் உண்மையச் சொல்ல வாயெடுத்தேன், மொதலாளி என் கால மிதிச்சிட்டாரு. இத பாஸ்டர்கிட்ட சொல்லிடாதீங்க.

ஆகவே மாமா, எங்கிட்ட வர்ற இந்த ஒரே கொழந்தையையும் கூட்டிக்கினு போயிடாதீங்க. ரெட்ட ஜடை போடறேன், ஒண்ணு மேல ஒண்ணு கீழ வருது, அளவெடுத்து சரி பண்ணிடுவேன். நான் நல்லா இருக்கேன். சனிக்கிழமை தாங்கள் சிரமப்பட்டு வரவேண்டாம்.

கர்த்தருடைய சமாதானம் தங்கள் வீட்டில் தங்கியிருப்பதாக. அத்தைக்கு என் வணக்கமும் ஸ்நேஹாவின் முத்தமும்.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள மருமகன்,
மு. விக்ரம்

பி.கு.: கவர ஒட்டறதுக்கு முன்னாடி ஸ்நேஹா படிச்சிக் காட்டச் சொன்னா. "கிரேஸ் போய்"ங்கற வரியிலயே அழுதுட்டேன். நிக்கறதுக்கு அர மணி நேரம் ஆச்சி. அவ தான் சொம்புல தண்ணி கொணாந்து குடுத்து முதுகத் தடவிக்கினு இருந்தா. ஆறு வயசுப் புள்ள பண்ற வேல இல்ல மாமா அது. நல்லா இருக்கேன்னு மேல எங்கெங்க எழுதியிருக்கேனோ எல்லாத்தையும் அடிச்சிடுங்க. சனிக்கிழம வாங்க. அவளக் கூட்டிக்கினு போறதுக்கு இல்ல, இங்க எங்க கூட இருக்கறதுக்கு. அத்தையும் வரணும். ஒரு மாசத்துக்குத் துணி எடுத்துக்கினு வாங்க.