நச்சத்தர் சிங் நடந்தே ஏறிய மலை

இதை நான் கண்ணால் பார்க்கவில்லை. எனக்குச் சொன்னவர் தல்ஜீத். அவருக்குச் சொன்னவர் அவருடைய அக்கா சிந்தர் கௌர். இரண்டு வாய் தாண்டி வந்த கதை, அதனால் உப்பும் காரமும் கொஞ்சம் கூடியிருக்கலாம். எனக்கு ஒரே ஒரு இடத்தில்தான் சந்தேகம் வந்தது. அதைப் பின்னால் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அது கடைசியில்.

சிந்தர் கௌரின் கணவர் நச்சத்தர் சிங். பஞ்சாபில் நகோதர் பக்கத்துக் கிராமத்தில் டிராக்டர் உதிரி பாகம் விற்கிறவர். புது வீடு கட்டி முடித்துவிட்டார். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி மட்டும்தான் பாக்கி.

அந்தப் பக்கத்தில் தொட்டி என்றால் சும்மா தொட்டி இல்லை. எதிர்வீட்டு மாடியில் ஒரு விமானம் நிற்கிறது. அந்த வீட்டுப் பையன் கனடாவில் இருக்கிறான். அடுத்த வீட்டில் கால்பந்து. மூலைவீட்டில் சிறகை விரித்த பருந்து. எல்லாம் சிமெண்ட், எல்லாவற்றின் வயிற்றிலும் தண்ணீர். கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி வைத்த வீட்டில் பெண் கொடுக்கக்கூட இரண்டு முறை யோசிப்பார்கள்.

நச்சத்தர் சிங் யோசிக்கவே இல்லை. கபடி வீரன். ஒரு கால் முன்னால், ஒரு கை தொடையில், மீசை முறுக்கு. முகத்துக்குக் கொத்தனார் படம் கேட்டார்.

"படம் எதுக்கு? என்னையே பாத்துக்கோ" என்று நச்சத்தர் சிங் பக்கவாட்டில் திரும்பி நின்றார்.

சமையலறையிலிருந்து சிந்தர் கௌர் வந்தார்.

"எனக்குப் பிரஷர் குக்கர் வேணும்."

"போன தீபாவளிக்குத்தானே வாங்கிக் கொடுத்தேன்?"

"மாடியில."

"மாடியில குக்கரா? ஊரே சிரிக்கும் பாக்கியவதி!"

"உங்க முகத்தைப் பாத்துச் சிரிக்கறதுக்கு, குக்கரைப் பாத்துச் சிரிக்கட்டும். குக்கராவது வேலை செய்யற பொருள்."

"அப்ப நான் வேலை செய்யலையா?"

"நான் குக்கரைப் பத்தி மட்டும்தாங்க பேசறேன்."

"ஜலந்தர் மாவட்டத்துக்கே கபடி ஆடினவன் நான்!"

"ஆடினீங்க. ஒரே ஒரு ஆட்டம். மூச்சு வாங்கி நடுக்கோட்டுலயே உக்காந்துட்டீங்கன்னு உங்க அம்மாவே சொன்னாங்க. சரி, ஒண்ணு கேக்கறேன். உங்க வீரனுக்குத் தண்ணி வெளிய வர்ற குழாயை எங்க வைக்கப் போறீங்க?"

நச்சத்தர் சிங் கொத்தனாரைப் பார்த்தார். கொத்தனார் தரையைப் பார்த்தார்.

கோபத்தில் மனிதன் செய்கிற காரியம் இரண்டுதான். ஒன்று, கதவைச் சாத்துவான். புது வீட்டுக்கு இன்னும் கதவு மாட்டவில்லை. ஆகவே இரண்டாவது: சபதம் போட்டார்.

வீடு முடிந்ததும் ஹேம்குண்ட் சாகிபுக்குப் போய் நன்றி சொல்வது என்று முன்பே முடிவாகியிருந்தது. பனிமலைக்கு நடுவே ஒரு ஏரி, ஏரிக்கரையில் குருத்வாரா. பேருந்து, ஜீப் எல்லாம் கீழேயே நின்றுவிடும். அதற்கு மேல் கால்தான். நடுவழியில் காங்கரியா என்ற இடத்தில் ஒரு ராத்திரி தங்கல்.

"காங்கரியாவுலேர்ந்து மேல வரைக்கும், சொந்தக் காலால, யார் முதல்ல ஏறுறாங்களோ அவங்க சொல்றதுதான் தொட்டி!" என்றார் நச்சத்தர் சிங்.

"யாராவது நடுவுல கோவேறு கழுதை மேல ஏறிட்டா?"

"ஏறினவங்க தொட்டியைப் பத்தி வாயே திறக்கக் கூடாது. சத்தியம்!"

"சத்தியம்" என்றார் சிந்தர் கௌரும். அவருக்கும் முட்டி வலி உண்டு. நச்சத்தர் சிங் அதை நம்பித்தான் சபதமே போட்டார். தனக்கும் இரண்டு முட்டி இருப்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

நினைவுக்கு வந்தது காங்கரியாவில். அதுவரை ஏறிய ஏற்றத்திலேயே வலது முட்டி ராஜினாமா கொடுத்துவிட்டது. இடது முட்டி நோட்டீஸ் காலத்தில் இருந்தது. அங்குள்ள குருத்வாராவில் ஆளுக்கு மூன்று கம்பளி வாங்கிப் போர்த்தித் தூங்கினார்கள். விடிந்ததும் சிந்தர் கௌர் பின்னி டப்பாவைப் பையில் வைத்தார். வறுத்த மாவும் நெய்யும் வெல்லமும் சேர்த்து அவர் பிடிக்கிற உருண்டைக்கு நகோதரில் ரசிகர்கள் உண்டு. முதல் ரசிகர் கையை நீட்டினார்.

"ரெண்டு கொடு."

"மேல வந்தாத் தரேன்."

"அப்ப நீ மெதுவா வா. உனக்காக நான் காத்திருக்க முடியாது. வீரன் நடை வேற" என்று சொல்லி, பழுப்புப் போர்வையைத் தோளில் வீசிக்கொண்டு நச்சத்தர் சிங் முன்னால் போனார். மனைவி கண்ணில் படும் தூரம் வரை வீரன் நடை. அதற்கப்புறம் ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பக்கத்தில் ஒரு கோவேறு கழுதை நின்றது. அதன் பக்கத்தில் அதன் சொந்தக்காரர் தர்பான் நேகி.

"சர்தார்ஜி, ஏறுங்க."

"நான் நடந்து போறவன்."

"நல்லது" என்று சொல்லிவிட்டு, தர்பான் கழுதையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார்.

"நடந்துதான் போறேன்னு சொன்னேனே, அப்புறம் ஏன்பா கூடவே வர்றே?"

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. அடுத்த வளைவு வரைக்கும் பாப்பேன்."

"நான் மத்தவங்க மாதிரி இல்லை."

அது உண்மை. மற்றவர்கள் அடுத்த வளைவு வரை தாக்குப்பிடிப்பார்கள்.

கழுதையின் பெயர் பிஜ்லி, அதாவது மின்னல். பெயர் வைத்தவருக்கு நகைச்சுவை உணர்வு அதிகம். பாதையில் எவ்வளவு இடம் இருந்தாலும் பிஜ்லி பள்ளத்தின் ஓரமாகத்தான் நடக்கும். கீழே பார்த்தால் மேகம். நச்சத்தர் சிங் கீழே பார்ப்பதை நிறுத்தினார். ஊர்க்காரர் யாராவது பார்த்துவிட்டால் என்ன செய்வது என்று போர்வையை எடுத்துத் தலையோடு போர்த்தினார். தலைப்பாகை, தாடி, மீசை எல்லாம் உள்ளே. வெளியே மூக்கு மட்டும்.

"சத்நாம், வாஹேகுரு" என்று சொல்லியபடி நடந்தே ஏறிக்கொண்டிருந்த ஒரு வயதான அம்மாள் கைத்தடியை ஊன்றி பிஜ்லியை முந்தினார். முந்திவிட்டுப் பரிதாபமாகத் திரும்பிப் பார்த்தார்.

"பாவம், புது மருமகளா? உடம்பு முடியலையா கண்ணு?"

நச்சத்தர் சிங்குக்கு வேறு வழி தெரியவில்லை. மெல்லிய குரலில், "ஆமா மாஜி" என்றார்.

"பையன் பொறக்கட்டும்" என்று வாழ்த்திவிட்டு அம்மாள் ஏறிப் போய்விட்டார். தர்பான் மலைப்பக்கமாகத் திரும்பிக்கொண்டார். அவருடைய தோள் குலுங்கியது.

உச்சிக்கு ஒரு வளைவு இருக்கும்போதே நச்சத்தர் சிங் இறங்கிவிட்டார். ஓடைத் தண்ணீரை அள்ளி நெற்றியிலும் கழுத்திலும் தெளித்துக்கொண்டார். அதுதான் வியர்வை. மூச்சு வாங்குவதற்கு மட்டும் நடிக்க வேண்டியிருக்கவில்லை. அந்த உயரத்தில் சும்மா நின்றாலே வாங்கும். கழற்றிய போர்வை கழுதை முதுகிலேயே கிடந்தது. அவர் கவனிக்கவில்லை. தர்பான் கழுதையைத் திருப்பிக்கொண்டு கீழே போனார்.

ஏரியில் முழுக்குப் போட வேண்டும். ஊரில் பதினொரு முழுக்கு என்று சொல்லியிருந்தார். முதல் முழுக்கில் உடம்பு உள்ளே போனது, குரல் மட்டும் வெளியே நின்றது. "வாஹேகுரு!" என்ற அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பக்கத்தில் நின்றவர்கள், எவ்வளவு பக்தி என்றார்கள். பாக்கிப் பத்தை வீட்டில் வெந்நீரில் போட்டுக்கொள்ளலாம் என்று கரையேறிவிட்டார். லங்கரில், அதாவது குருத்வாராவின் இலவசச் சாப்பாட்டுக்கூடத்தில், சூடாகக் கிச்சடியும் தேநீரும் கொடுத்தார்கள். பற்கள் தாளம் போட, கண்ணை மூடி மாடியில் நிற்கும் கபடி வீரனை நினைத்துப் பார்த்தார். மீசையை இன்னும் ஒரு சாண் நீட்டினார்.

கண்ணைத் திறந்தபோது எதிரில் சிந்தர் கௌர் நின்றார். தோளில் பழுப்புப் போர்வை.

"இதை விட்டுட்டு வந்துட்டீங்களே. குளிருமே."

நச்சத்தர் சிங் போர்வையை வாங்கிச் சுற்றிக்கொண்டார். காங்கரியாவிலேயே மறந்துவிட்டோம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். அவர் மனசு வேறு இடத்தில் இருந்தது.

"இவ்வளவு சீக்கிரம் எப்படி வந்தே?"

"வழி நல்லா இருந்துச்சு. நீங்க எப்ப வந்தீங்க?"

"அது ஆச்சு ரொம்ப நேரம்! ஒரே மூச்சு. எங்கயும் உக்காரலை."

"எங்கயுமே உக்காரலை?"

"எங்கயுமே."

"உங்க கால் எங்கயுமே நிக்கலை?"

"என் கால் தரையில படவே இல்லைன்னு சொல்லலாம், அவ்வளவு வேகம்!"

"அதை நான் நம்பறேன்" என்றார் சிந்தர் கௌர். "சரி, தோத்துட்டேன். கபடி வீரனையே வைங்க. இருங்க, பாயிஜிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடறேன்."

பாயிஜி என்றால் அங்கே கிரந்தம் ஓதுகிற பெரியவர். சிந்தர் கௌர் போய்க் காதோடு ஏதோ சொன்னார். பாயிஜி தலையாட்டினார். சிந்தர் கௌர் திரும்பி வந்து தலையில் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டார்.

"என்ன சொன்னே?"

"உங்க பேரைச் சொல்லி அர்தாஸ் பண்ணச் சொன்னேன்."

"என்னன்னு?"

"என்ன சொல்லணுமோ, அதைத்தான். ஊர் பேர், உங்க பேர் எல்லாம் கொடுத்திருக்கேன். வாங்க, ஆரம்பிக்கப் போறாங்க."

நச்சத்தர் சிங்குக்கு ஏரிக்குள் மறுபடியும் விழுந்ததுபோல் இருந்தது.

அர்தாஸ் என்றால் எல்லோரும் எழுந்து கைகூப்பி நிற்பார்கள். குரு கிரந்த சாகிபின் முன்னால் பாயிஜி எல்லோருக்காகவும் வேண்டுவார். கேட்டுக்கொண்டவர்களின் பெயரையும் காரியத்தையும் சொல்வார். நகோதர் பக்கத்து நச்சத்தர் சிங் தன் சொந்தக் காலால் நடந்தே ஏறி வந்ததற்கு நன்றி என்று அவர் சொன்னால்? மனைவியிடம் பொய் சொல்லலாம். அது குடும்பம். கொத்தனாரிடம் சொல்லலாம். வருமான வரிக்காரர் கேட்டால் அப்போது பார்த்துக்கொள்ளலாம். குருவின் சன்னிதியில், அதுவும் இன்னொருவர் வாயால், தன் பொய்யைச் சொல்ல வைப்பதா?

முதலில் மனசைச் சமாதானம் செய்துபார்த்தார். நடந்துதானே வந்தோம்? கால் நம்முடையதாக இருக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்? இரண்டு காலுக்குப் பதில் நான்கு கால். இன்னும் புண்ணியம்தானே? மனசு ஒத்துக்கொள்ளவில்லை. சங்கத், அதாவது கூடியிருந்த பக்தர் கூட்டம், முழுதும் எழுந்து நின்றுவிட்டது. பாயிஜி கைகூப்பித் தொண்டையைச் செருமினார்.

நச்சத்தர் சிங் ஓடினார். அன்றைக்கு மலையில் அவர் சொந்தக் காலால் வேகமாகப் போனது அந்த ஒரு இடத்துக்குத்தான்.

"பாயிஜி, பாயிஜி, அதைச் சொல்லிடாதீங்க! நான் நடந்து வரலை! கழுதை மேலதான் வந்தேன்! பொம்பளை மாதிரி போர்வை போத்திக்கிட்டு வந்தேன்!"

கிசுகிசுவென்றுதான் சொன்னார். பாயிஜியின் முன்னால் ஒலிபெருக்கி இருந்தது. அது ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருந்தது. உள்ளே நின்றவர்கள் கேட்டார்கள். வெளியே லங்கரில் கிச்சடி கிண்டிக்கொண்டிருந்தவர்கள் கேட்டார்கள். ஏரியில் முழுக்குப் போட்டவர்கள் தலையை வெளியே எடுத்துக் கேட்டார்கள்.

பாயிஜி ஒலிபெருக்கியைக் கையால் மூடினார்.

"கழுதையில வந்தா என்னப்பா? முடியாதவங்க அப்படித்தான் வருவாங்க. அதுல என்ன தப்பு?"

"நான் நடந்து வந்ததாச் சொல்லச் சொன்னாளே என் வீட்டுக்காரி..."

"அந்தப் பொண்ணா? அது அப்படி ஒண்ணும் சொல்லலையே! என் வீட்டுக்காரருக்கு முட்டி வலி, குருதான் குணப்படுத்தணும்னு மட்டும்தான் சொல்லிச்சு."

நச்சத்தர் சிங் மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். பெண்கள் பக்கத்தில் சிந்தர் கௌர் கண்ணை மூடிக் கைகூப்பி நின்றார். துப்பட்டா மட்டும் லேசாக நடுங்கியது. அவருக்குப் பக்கத்தில் கைத்தடியோடு நின்ற அம்மாள், "ஐயோ, அந்த மருமக!" என்று வாயைப் பொத்திக்கொண்டார்.

அர்தாஸ் முடிந்ததும் நச்சத்தர் சிங் தானாகவே போய் லங்கரில் எச்சில் டம்ளர் கழுவ உட்கார்ந்தார். யாரும் சொல்லவில்லை. தண்ணீர் ஏரித் தண்ணீர். விரல்கள் இருக்கின்றனவா என்று அடிக்கடி பார்த்துக்கொண்டார். சிந்தர் கௌர் தேநீரோடு அந்தப் பக்கம் வந்து நின்றார்.

"நல்லாத் தேய்ங்க. நாளைக்குக் குக்கர் கழுவறப்ப உதவும்."

"சரி, சரி, ஜெயிச்சுட்டே. அந்தப் பின்னியையாவது ஒண்ணு கொடு."

"தீந்துபோச்சுங்க."

"அத்தனையுமா?"

"ஏறுற வழியாச்சே. பசிக்காதா?"

இறங்கும்போது அவருக்கு ஒரு சின்னச் சந்தேகம் தலைதூக்கியது.

"ஆமா, நீ முழுக்க நடந்துதானே வந்தே?"

சிந்தர் கௌர் நின்றார். முட்டியைப் பிடித்துக்கொண்டார். கணவரை நிமிர்ந்து பார்த்தார்.

"இந்தக் காலைப் பாத்துட்டா இப்படி ஒரு கேள்வி கேக்கறீங்க?"

நச்சத்தர் சிங்குக்கு வெட்கமாகிவிட்டது. மன்னிப்புக் கேட்டு, அவருடைய பையையும் வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார்.

இன்றைக்கு நகோதர் பக்கம் போனால் அந்த மாடியைப் பார்க்கலாம். விமானத்துக்கு எதிரே பளபளவென்று ஒரு பிரஷர் குக்கர். விசில் இருக்கும் இடத்திலாவது ஒரு சின்னக் கபடி வீரனை வைக்க அனுமதி கேட்டிருக்கிறார். விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது.

தல்ஜீத் கதையை இங்கே முடித்துவிட்டார். எனக்கு அந்தப் போர்வை மட்டும் இடறியது. அது காங்கரியாவில் இல்லையே; கழுதை மேல் அல்லவா இருந்தது?

அடுத்த வருஷம் நான் ஹேம்குண்ட் போனபோது, காங்கரியாவில் தர்பான் நேகியைத் தேடிப் பிடித்துக் கேட்டேன். அவருக்கு நன்றாக நினைவிருந்தது. சர்தார்ஜியை இறக்கிவிட்டுத் திரும்பும்போது, பாதி வழியில் ஒரு அம்மாள் பாறையில் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாராம். கழுதை முதுகில் கிடந்த போர்வையை உற்றுப் பார்த்தாராம். ஒரு கேள்வியும் கேட்கவில்லையாம். பின்னி டப்பாவைத் திறந்து தர்பானுக்குப் பாதி, பிஜ்லிக்குப் பாதி கொடுத்துவிட்டு, அந்தப் போர்வை மேலேயே ஏறி உட்கார்ந்து, உச்சிக்கு ஒரு வளைவு இருக்கும்போது இறங்கிக்கொண்டாராம்.